கிடா இன்னும் சிலுப்பவில்லை

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சிறுமி என்மேல் பன்னீர் தெளித்தாள். கொஞ்சம் கண்ணில் விழுந்தது. தலையை உதறினேன். அதே நொடியில், எனக்குப் பின்னால் நின்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "இந்த வருசக் கோயில் நோம்பிக்குக் கமிட்டித் தலைவரா நீங்கதானுங்க இருக்கோணும், சரிங்களா?" என்று கேட்டு முடித்திருந்தார்.

"தலையாட்டிப்போட்டீங்க! ரொம்பச் சந்தோசமுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று முதல் நான் தலைவர். மைக்செட்காரரும் வாணவேடிக்கைக்காரரும் இப்போது என் வீட்டு வாசலில்தான் சண்டை போடுகிறார்கள்.

அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தபோது கோயில் கிடாதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் கிடாயை வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, கிடாயும் சம்மதித்துவிட்டது என்று பொருள். சிலுப்பாவிட்டால் வெட்டக்கூடாது. மறுபடி தெளிக்க வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். மிராசுதாரர் முதல் மேளக்காரர் வரை கைகட்டி நிற்பார்கள், ஒரு கிடாயின் சம்மதத்துக்காக.

என்னை யாரும் அப்படிக் காத்திருந்து கேட்டதில்லை. உங்களை?

2

முதல் வாக்கியம்: 1935-ஆம் வருஷம், சித்திரை மாதத்து வெயிலில், காரைக்காட்டுப்புதூர் என்ற

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகள் ஏராளம். இந்த ஊரை வரைபடத்தில் தேடவும் வேண்டாம். பல்லடம் தாண்டித் தாராபுரம் போகிற பாதையில், எனக்கு இடம் தேவைப்பட்ட அளவுக்கு நானே வைத்த ஊர்.)

இரண்டாவது: பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் மயில்சாமிக் கவுண்டருக்கு ஒரு மணிக்கூண்டு தேவைப்பட்டது.

இது பரவாயில்லை. சீமை ராஜா பட்டமேறிய வெள்ளிவிழா வருகிறது. ஊர் ஊராக ஏதேதோ கட்டுகிறார்கள். மயில்சாமிக் கவுண்டர் கெட்டவர் அல்ல. கோயமுத்தூருக்குப் போன இடத்தில் ஒரு மணிக்கூண்டைப் பார்த்து, அதன் கீழே நின்று அண்ணாந்து, கழுத்து வலிக்கும்வரை சந்தோஷப்பட்டவர். அந்தச் சந்தோஷம் தன் ஊருக்கும் வேண்டும் என்று நினைத்தார். ஊர் நடுவில் காலி இடம் இல்லை. இருந்தது ஒரு கிணறு. அதை மூடினால் இடம் கிடைக்கும்.

அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் சின்னத்தாயி இருந்தாள்.

அவளுக்கு நான் முதல் வரைவில் ஒரு கால் ஊனம் வைத்திருந்தேன். கிணறு மூடப்பட்டால் ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏறி அக்கரைத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டும். குடத்தோடு அவளால் முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தாராபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி போடுகிற சோற்றைத் தலைகுனிந்து சாப்பிட வேண்டும். இதுதான் கணக்கு. எழுதிய பிறகு மனம் உறுத்தியது. வாசகரின் இரக்கத்தைப் பிடுங்க ஒரு பெண்ணின் காலை உடைப்பது என்ன தர்மம்? அந்த வரிகளை அடித்துவிட்டு, காலைச் சரியாக்கி எழுதினேன்.

அடுத்த பத்தியில் அவள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"ஏனுங்க, எழுதறவரே" என்றாள். "காலை ஒடிக்கறப்பவும் என்னைக் கேக்கலை. நேராக்கறப்பவும் கேக்கலை. நான் இந்தக் காலோட பொறந்தவ. புருசன் போன பொறகும் இந்தக் காலுலதான் ஒத்தையில நின்னுட்டு இருக்கறன். இரக்கமெல்லாம் வேண்டாமுங்க. கெணறு மட்டும் இருந்தாப் போதும்."

அவள் சொன்னபடியே விட்டுவிட்டேன்.*

* இந்த ஊரின் எல்லாக் காரியங்களையும் யாரையும் கேட்காமல் தீர்மானிக்கிறவர் மயில்சாமிக் கவுண்டர் அல்ல, நான்தான் என்பது இந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. கவுண்டரைத் திட்டி எழுதியிருந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

3

சட்டப்படி பொதுக்கிணற்றை மூடுவதற்கு ஊர் மகாஜனங்களின் அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று போர்டு குமாஸ்தா சொன்னார். (அப்படி ஒரு சட்டம் இருந்ததா என்று கேட்காதீர்கள். கதைக்கு இருந்தது.) ஓட்டுப் போடுவது சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்த காலம் அது. ஆகவே, சும்மா அபிப்பிராயம் கேட்பதற்காவது எல்லோரையும் கூப்பிட்டார்களே என்று ஊருக்கு ஒரே குஷி. ஆண்கள் வெளுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சின்னத்தாயி கடைசியில், புளியமரத்து வேரில் உட்கார்ந்தாள். அவள் கையில் ஒரு வெள்ளைக் கிடாயின் கயிறு இருந்தது. அதைப் பற்றிப் பிறகு.

கூட்டம் கௌரவமாக நடக்க வேண்டும் என்பதற்காகக் கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து ஷேக் பரீதை வரவழைத்திருந்தார் பிரசிடெண்ட். ஷேக் பரீத் அத்தரும் பன்னீரும் விற்கிறவர். பெரிய வீட்டு விசேஷங்களுக்கு வெள்ளிச் செம்போடு போய், அவரே தெளித்தும் கொடுப்பார்.

குமாஸ்தா தீர்மானத்தை வாசித்தார். "மேற்படி கிணற்றை மூடி, மேற்படி இடத்தில் மணிக்கூண்டு எழுப்புவதில் சபையோருக்குச் சம்மதமா?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"பாய், பன்னீர்!" என்றார் பிரசிடெண்ட்.

ஷேக் பரீத் வரிசையாகத் தெளித்துக்கொண்டு வந்தார். நல்ல வெயில், ஜில்லென்ற பன்னீர். முகத்தில் பட்டதும் ஒவ்வொருவராகத் தலையைச் சிலுப்பினார்கள். முதல் வரிசை சிலுப்பியது, இரண்டாம் வரிசை சிலுப்பியது, குழந்தைகள் இன்னொரு தரம் என்று கேட்டு வாங்கிச் சிலுப்பின.

"சபையோர் அனைவரும் தலையசைத்து ஆமோதித்தனர்" என்று குமாஸ்தா எழுதி மூடினார்.

தையற்காரர் அப்புசாமி எழுந்தார். "ஏனுங்க, நான் தண்ணியைத்தானுங்க உதறுனேன்."

"தலை ஆடுச்சா இல்லையா?" என்றார் பிரசிடெண்ட்.

"ஆடுச்சுங்க."

"தண்ணி தெளிச்சு ஆடுச்சுதா, தெளிக்காம ஆடுச்சுதா?"

"தெளிச்சுத்தானுங்க."

"கருப்பராயன் கோயில்ல கெடாய் எப்படிச் சம்மதம் சொல்லுது?"

அப்புசாமி யோசித்தார். "தண்ணி தெளிச்சாச் சிலுப்புமுங்க."

"கெடாய்க்கு ஒரு நாயம், உனக்கொரு நாயமா? உக்காரப்பா."

அப்புசாமி உட்கார்ந்தார். இதற்குப் பதில் தேடி நானும் முழுசாக ஒரு நாள் யோசித்தேன். நியாயம் சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.*

* ஊர் தீண்டாத தெற்கு வளவுக்காரர்களை இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அந்தக் கிணற்றில் அவர்கள் குடம் வைக்கவும் ஊர் விடாது. அவர்கள்மேல் பன்னீர்கூடத் தெளிக்கவில்லை. இந்தக் கதைக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய கதை ஒன்று உண்டு என்பதை இந்த அடிக்குறிப்பு அறியும்; அடிக்குறிப்பாக இருப்பதற்கு அது வெட்கப்படுகிறது.

4

இப்போது கிடா.

கிணற்று மேட்டில் கருப்பராயன் கல் ஒன்று இருந்தது. சர்க்காருக்கு ஜனங்களின் சம்மதம் போதும். ஊருக்குக் கருப்பராயனின் சம்மதம் வேண்டும். அவருக்கு ஒரு கிடா கொடுத்து உத்தரவு வாங்காமல், கிணற்றில் ஒரு கூடை மண் கொட்டக்கூட எந்த ஆளும் வரமாட்டான். அதுவும் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கேட்டாக வேண்டும். சாய்ந்துவிட்டால் அடுத்த நோம்பிவரை கேட்கக்கூடாது. மறுநாள் காலையில் கோயமுத்தூரிலிருந்து பெரிய அதிகாரி அஸ்திவாரக் கல் வைக்க வருகிறார். இன்று தவறினால் அவர் அந்தக் கல்லை வேறு ஊருக்கு எடுத்துப் போய்விடுவார்.

பிரசிடெண்ட் கவலைப்படவில்லை. ஜனங்களைச் சம்மதிக்க வைக்க ஒரு நிமிஷம்தான் ஆனது. கிடாய்க்கு எவ்வளவு ஆகிவிடும்?

கிடா அவருடையது. ஆனால் சின்னத்தாயி வாரத்துக்கு வளர்த்தது. குட்டியாக வாங்கி வந்து, தீனி போட்டு வளர்த்து, விலையில் பங்கு எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. அதனால் கயிற்றைப் பிடிக்க அவளைக் கூப்பிட்டார்கள். அபிப்பிராயம் கேட்க அல்ல, கயிறு பிடிக்க.

பூசாரி மஞ்சள் தண்ணீரில் வேப்பிலையைத் தோய்த்துக் கிடாயின் முதுகில் தெளித்தார். ஊரே மூச்சைப் பிடித்தது.

சின்னத்தாயி குனிந்து, முந்தானையால் கிடாயின் முதுகைத் துடைத்தாள்.

"அம்மணி!" என்றார் பூசாரி. "என்ன பண்றீங்க?"

"நனைஞ்சுபோச்சுங்க."

"நனையத்தான் தெளிக்கறது!"

"மழையில நனைஞ்சாத் தொடைச்சுடறதுதானுங்க. இல்லைன்னா அதுக்கு மூக்கொழுகும்."

பூசாரி மறுபடி தெளித்தார். அவள் மறுபடி துடைத்தாள். கிடா அவள் கையை முகர்ந்துவிட்டு, அசை போட்டது. உடம்பில் ஈரம் இல்லாதபோது ஒரு கிடா எதற்காகச் சிலுப்ப வேண்டும்?

(இங்கே நிறுத்துகிறேன். அவள் தந்திரமாகத் துடைத்தாளா, பாசத்தில் துடைத்தாளா? தந்திரம் என்று எழுதினால் நீங்கள் கைதட்டுவீர்கள். பாசம் என்று எழுதினால் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். அவளையே கேட்டேன். "ரெண்டும் ஒண்ணா இருக்கக்கூடாதுங்களா?" என்றாள். என் அனுபவத்தில் இருக்கலாம். பக்கத்து இலைக்கு ரசம் ஊற்றச் சொல்கிறவர், தன் இலைக்கும் வரும் என்று தெரிந்துதான் சொல்கிறார். அதனால் அந்தச் சொல் பொய்யாகிவிடுவதில்லை.)

"அம்மணி, தொடைக்கப்படாது" என்றார் பிரசிடெண்ட்.

"ஏனுங்கண்ணா?" சின்னத்தாயிக்கு அவர் பங்காளி வழியில் தூரத்து அண்ணன் முறை. "தொடைச்சாச் சாமி குத்தமுங்களா?"

பிரசிடெண்ட் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கருப்பராயனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தொடைக்கக்கூடாதுன்னு எங்கப்பனும் சொன்னதில்லீங்க, எங்க பாட்டனும் சொன்னதில்லீங்க. ஏன்னா இதுவரைக்கும் ஒருத்தரும் தொடைச்சதில்லை."

குமாஸ்தாவைச் சட்டம் பார்க்கச் சொன்னார்கள். அவர் போர்டு விதிகளை முன்னும் பின்னும் புரட்டினார். "நாய்க்கு உண்டுங்க. பன்றிக்கு உண்டுங்க. கிடாயைத் துடைப்பது பத்தி ஒண்ணும் காணோமுங்க."

5

மஞ்சள் தண்ணீர் தீர்ந்தது.

"தண்ணி கொண்டாங்க!" என்றார் பிரசிடெண்ட்.

தண்ணீர் எங்கே இருக்கிறது? கிணற்றில் இருக்கிறது. மூடுவதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டிருக்கிற அதே கிணற்றில். இரண்டு பேர் இறைக்கத் தொடங்கினார்கள். தெளிக்கிற நிலைமை போய், ஊற்றுகிற நிலைமை வந்தது. சொம்பால் ஊற்றினார்கள், குடத்தால் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற அவள் துடைத்தாள். பிழியக்கூட முடியாமல் முந்தானை தொங்கியது. கிடாயின் காதில் மட்டும் ஒரு சிறு அசைவு. ஊர் முழுக்க "ஆ" என்றது. அது ஈ.

சின்னத்தாயியின் முந்தானையில் இனித் துடைக்க இடமில்லை. கிடாயின் தோலில் ஒரு நடுக்கம் ஓடத் தொடங்கியது. ஷேக் பரீத் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தார். அந்தச் செம்பினால் ஒரு சபை முழுவதும் சம்மதித்ததைப் பார்த்ததிலிருந்து அவர் முகம் சரியாக இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கம்மா. வெளுத்ததுதான்."

"பாய்!" என்றார் பிரசிடெண்ட். "உங்களைப் பன்னீர் தெளிக்கக் கூப்பிட்டா, தொடைக்கத் துண்டு குடுக்கறீங்களா?"

"தெளிச்சவன்தானுங்களே துடைக்கவும் குடுக்கோணும், கவுண்டரே" என்றார் ஷேக் பரீத். "எங்க வாப்பா காலத்துல செம்போட துண்டும் கொண்டு போவாங்க. நான்தான் பாரம்னு விட்டுப்போட்டேன்."

அந்தத் துண்டும் நனைந்தது. அப்புசாமி ஒரு துண்டு கொடுத்தார். "நான் உதறத்தான் உதறுனேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே கொடுத்தார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. காலையில் கௌரவத்துக்காகத் தோளில் ஏறிய அத்தனை வெளுத்த துண்டும் கிணற்று மேட்டுக்கு வந்தன.

"துண்டு குடுக்கறவங்க பேரையெல்லாம் எழுதுய்யா!" என்று குமாஸ்தாவிடம் கத்தினார் பிரசிடெண்ட்.

"எழுதறனுங்க. ஆனா..." குமாஸ்தா வெறும் தோளைத் தடவினார். "என்ற பேரையும் எழுதோணுமுங்களே."

இறைத்தவர்கள் கை ஓய்ந்து உட்கார்ந்தார்கள். பிரசிடெண்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கிணற்றுக் கயிற்றைப் பிடித்தார். வாழ்க்கையில் அவர் தண்ணீர் இறைத்ததில்லை. இரண்டு குடம் இறைத்தார். மூன்றாவது பாதியில் மூச்சு வாங்கியது, கண் இருட்டியது, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

சின்னத்தாயி கிடாயை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்து, ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு அவர் வாயில் வைத்தாள். "மெதுவா, மெதுவாக் குடியுங்கண்ணா. பொறை ஏறிப்போகும்."

அவர் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நல்ல தண்ணிதான்" என்றார்.

"ஆமாங்கண்ணா" என்றாள் சின்னத்தாயி. "இதைத்தான் மூடப்போறமுங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நான் குத்தலாக எழுதிப் பார்த்தேன். அவள் வாயில் நிற்கவில்லை. அவர் தன் தோளில் இருந்த சரிகைத் துண்டால் முகத்தையும் மாரையும் துடைத்துக்கொண்டார்.

அவள் கிணற்றடியில் இருந்த அந்த இடைவெளியில், கிடாயைத் துடைக்க யாரும் இல்லை. அது ஈரத்தோடு தனியாக நின்றது.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

(அ) கிடா சிலுப்புகிறது. கிணறு மூடப்படுகிறது. மணிக்கூண்டு வருகிறது. பள்ளத்தைத் தாண்டித் தண்ணீருக்குப் போகிற பெண்கள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்பதை இனித் துல்லியமாகத் தெரிந்துகொள்ளலாம். தாராபுரத்தில் அண்ணி சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னும் போடட்டுமா?" என்று கேட்காமல் உள்ளே போகிறாள். இதை எழுத எனக்குக் கொஞ்சமும் சிரமம் இருக்கவில்லை. பேனா தானாக ஓடியது. அதனாலேயே நிறுத்தினேன்.

(ஆ) தண்ணீர் குடித்த பிரசிடெண்ட் மனம் உருகி, தீர்மானத்தைக் கிழித்து, "அம்மணி, என் கண்ணைத் தெறந்துபோட்டீங்க" என்று

(இந்த இடத்தில் மயில்சாமிக் கவுண்டரே சிரித்துவிட்டார். "ஏனுங்க, ரெண்டு சொம்புத் தண்ணியிலயா? நாளைக்கு வெடியால அதிகாரி வாராரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? கெடாய் ஒத்துக்கலைன்னா சொல்றது?" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்த அம்மணி ஓடிவந்தது நெசம். அதை மட்டும் வெட்டிப்போடாதீங்க" என்றார். வெட்டவில்லை.)

(இ) கருப்பராயனே அருள் வந்து பேசுகிறார். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறவன். ஆனால் மனுசன் ஒரு துண்டை நீட்டிச் செய்ய வேண்டிய காரியத்துக்குச் சாமியைக் கல்லிலிருந்து எழுப்புவது மரியாதை இல்லை. யாரையும் கேட்காமல் எதையும் எடுத்துக்கொள்ளாத சாமி அவர். ஒரு கிடாயைக்கூடக் கேட்டுத்தான் எடுத்துக்கொள்கிறார். அதைவிட அவர் என்ன பேச வேண்டும்?

மூன்றையும் அடித்துவிட்டேன்.

7

ஆகவே நிலவரம் இதுதான். பொழுது பனைமரத்து உச்சியில் நிற்கிறது. இன்னும் ஒரு குடம் ஊற்ற நேரம் இருக்கிறது. பூசாரி அந்தக் குடத்தைத் தூக்கி ஊற்றியும்விட்டார். சின்னத்தாயி கிணற்றடியிலிருந்து எட்டிப்போட்டு வந்து சேர்ந்துவிட்டாள். கிடா தலைமுதல் வால்வரை நனைந்து நிற்கிறது. முன்னங்கால் லேசாக நடுங்குகிறது. அவள் முந்தானை ஈரம். ஷேக் பரீதின் துண்டு ஈரம், அப்புசாமியின் துண்டு ஈரம், குமாஸ்தாவின் துண்டு ஈரம், பிரசிடெண்டின் சரிகைத் துண்டும் ஈரம். ஊரில் காய்ந்த துணி என்று ஒரு முழம் இல்லை.

நான் என் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "எழுதறவரு துணி வேண்டாமுங்க. நீங்க நெய்யற கதைத் துணியிலதான் நாங்க எல்லாரும் இருக்கறமே. அது எப்பவோ நனைஞ்சுபோச்சு."

பிறகு அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள். புளியமரத்தைத் தாண்டி, காகிதத்தைத் தாண்டி.

நீங்கள் இப்போது தலையை அசைத்தீர்கள். நான் பார்த்தேன். பயப்பட வேண்டாம், அதைச் சம்மதம் என்று நான் எழுதிக்கொள்ளவில்லை. ஈ உட்கார்ந்திருக்கலாம், வேர்த்திருக்கலாம், இந்தக் கதையே பிடிக்காமல் இருக்கலாம். நான் காத்திருக்கிறேன். கைகட்டித்தான் நிற்கிறேன்.

"ஏனுங்க" என்கிறாள் சின்னத்தாயி, ஒரு கையால் கிடாயை அணைத்துக்கொண்டு, மறு கையை உங்கள் பக்கம் நீட்டி. "உங்களைத்தானுங்க. காஞ்ச துண்டு ஒண்ணு இருக்குதுங்களா?"